எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பமும் நாக்பாடா மிஷனரியும்

போன வருஷம் மே மாதம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம், அக்கா மகள் கையில் ஒரு பிரிண்ட்அவுட்டோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். ஒரு கிறித்தவக் கல்லூரியின் எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பம். பெயர், மார்க், சாதிச் சான்றிதழ் எல்லாம் நிரப்பிவிட்டாள். இரண்டு இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. ஒன்று, பங்குத்தந்தையின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா என்ற கட்டம். இன்னொன்று கடைசிப் பக்கக் கேள்வி: சமூகப்பணிக்கான அழைப்பை நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள், 300 சொற்களில் எழுதவும்.

"மாமா, அழைப்புன்னா என்ன எழுதறது? நாம கும்பிடறது மாரியம்மனை. பொய் எழுதணுமா?"

அவள் அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவருக்கு வேறு கவலை. "எம்.எஸ்.டபிள்யூ. படிக்கட்டும், வேணாங்கல. ஆனா எச்.ஆர். எடுக்கச் சொல்லுங்க. இவ மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக்னு நிக்கிறா."

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதுசில்லை. இங்கே எம்.எஸ்.டபிள்யூ. என்றாலே வெல்ஃபேர் ஆபீஸர் வேலைதான் ஞாபகம் வரும். அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 1955 சுரங்க விதிகளும் 500 பேர் உள்ள சுரங்கத்துக்கு அதையே சொல்லியிருந்தன. அதற்கடுத்த வருஷம் 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். சுரங்கம், அனல் மின் நிலையம், டவுன்ஷிப் என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். நல அலுவலர் பதவிக்குச் சமூகப்பணிப் பட்டம் ஒரு சாவி ஆகிப்போனது. என் மச்சானைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த சமூகப்பணியாளர், கேன்டீன் புகாரையும் லீவு தகராறையும் கேட்கும் ஆபீஸர்தான்.

ஆனால் இந்தப் பெண் பார்த்தது வேறு. அவளுடைய பெரியப்பாவுக்கு மனநலம் சரியில்லாமல் போனபோது இவளுக்கு எட்டு வயது. முதலில் குணசீலம் கூட்டிப்போய் ஒரு மண்டலம், 48 நாள், பெருமாள் கோயிலில் இருந்தார்கள். அப்புறம் யாரோ சொல்லி வேலூர். கூடவே தங்கியிருந்தது இவள் பாட்டி. திரும்பி வந்த பாட்டி சொன்ன ஒரு வாக்கியம் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: "டாக்டரு மருந்து எழுதுனாரு. ஒரு பொண்ணு வந்து எம் பக்கத்துல உட்காந்து, நீங்க சாப்டீங்களா, ராத்திரி தூங்குனீங்களான்னு கேட்டுச்சு. இந்தப் பத்து வருஷத்துல யாரும் என்னைக் கேட்கல."

அந்தப் 'பொண்ணு' யார், அப்படிக் கேட்பது எப்போது ஒரு வேலையாக ஆச்சு என்று தேட ஆரம்பித்தேன். விண்ணப்பத்துக்கு உதவப் போய் நோட்டுப் புத்தகம் பாதி நிரம்பிவிட்டது. அதில் இருந்து கொஞ்சம்தான் இது.

ஆஸ்பத்திரியில் சமூகப்பணி என்பதன் முதல் பெயர் ஆல்மனர். மடாலயங்களிலும் அரண்மனைகளிலும் தர்மக் காசு பங்கிட்டுக் கொடுக்கும் ஆளின் பெயர் அது. 1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணி இந்தப் பதவிக்கு வந்தார். அவருக்குக் கொடுத்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். வசதி இருந்தும் இலவச வைத்தியம் வாங்கிப்போகிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்! செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி. அவர் போய்ப் பார்த்தால் வந்தவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே ஏழைகள். பத்து வருஷம் கழித்து, 1905-இல், அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் கேபட், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப்பணியாளரை நியமித்தார். ஓய்வெடு, நல்ல சாப்பாடு சாப்பிடு என்று எழுதிக் கொடுத்தால், அதைச் செய்ய வழி இல்லாதவர் என்ன செய்வார் என்பது அவர் பிரச்சினை.

இந்தியாவுக்கு வருவோம். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1925-இல் பம்பாய் வந்தார். அமெரிக்கன் மராத்தி மிஷனைச் சேர்ந்தவர். ஆலைத் தொழிலாளிகளும், முஸ்லிம்களும், யூதர்களும், பல ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்பாடாவில் 'நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்று ஒரு மையம் தொடங்கினார். படிப்பகம், மருத்துவ உதவி, விளையாட்டு என்று எல்லாம் அங்கே. (அந்தப் பேட்டையில் கூடைப்பந்து இன்றைக்கும் பிரபலம். அதன் விதையும் அங்கேதான்.) பத்து வருஷ அனுபவத்தில் அவருக்கு ஒன்று உறைத்தது. நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலை செய்தால் ஆளும் கெடும், வேலையும் கெடும். பட்டம் முடித்தவர்களுக்கு முறையான பயிற்சி வேணும். டாட்டா அறக்கட்டளையிடம் இதைச் சொன்னார். 1936-இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி அதே நாக்பாடா கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. மான்ஷார்ட்தான் முதல் இயக்குநர். அடுத்த வருஷமே ஒரு குழந்தைகள் ஆலோசனை மையம். 1944-இல் பள்ளியின் பெயர் மாறியது. இன்றைய டிஸ் அதுதான்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மிஷனரி ஒருவர், பார்சி பணத்தில், மதம் எதையும் சாராத ஒரு பள்ளியைக் கட்டுகிறார். 1941-இல் அவர் விலகியதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜே.எம். குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்றதும் நமக்கு ஞாபகம் வரும் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். தஞ்சாவூர்க் கிறித்தவக் குடும்பம். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, தாத்தா பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்ட குடும்பம் அது. இந்தியாவில் சமூகப்பணிக் கல்வியின் ஆரம்ப நாட்களில் ஒரு தமிழர் இவ்வளவு முக்கியமான இடத்தில் இருந்திருக்கிறார். நம்ம ஊர் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களிடம் கேட்டால் தம்பியைத் தெரிகிறது, அண்ணனைத் தெரியவில்லை.

மருத்துவ, மனநலச் சமூகப்பணி தனிப் பாடப்பிரிவாக ஆனது 1948-இல், டாட்டா நிறுவனத்தில்தான். அதை வளர்த்தவர் கௌரி ராணி பானர்ஜி.

சென்னையின் கதை வேறு மாதிரி. 1923-இல் சென்னை பிஷப்பின் மனைவி திருமதி வாலர் 'கில்ட் ஆஃப் சர்வீஸ்' என்ற சேவை அமைப்பைத் தொடங்கினார். அதை ஒரு பெரிய இயக்கமாக்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ், ஒரு பார்சிப் பெண்மணி. 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி அவர் முயற்சியில் வந்தது. மறுபடியும் அதே பாதை: தொடங்கிவைத்தது பிஷப் வீடு, பள்ளியாக்கியது வேறு கை. கேரளத்தில், கர்நாடகத்தில், தமிழ்நாட்டில் கத்தோலிக்கச் சபைகளும் புராட்டஸ்டன்ட் கல்லூரிகளும் இந்தத் துறையைத் தொடங்கியது அதன் பிறகு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. என்று தேடினால் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், பிஷப் ஹீபர், சென்னை கிறித்தவக் கல்லூரி என்று பட்டியல் ஏன் இப்படி வருகிறது என்பதற்கு இதுதான் பின்னணி.

சரி, பாட்டி பார்த்த அந்தப் பெண்? அதற்கு வேலூர் போகணும். ஐடா ஸ்கடர் டாக்டராக முடிவெடுத்த இரவு பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்ட கதை. அது நடந்தது வேலூரில் அல்ல, திண்டிவனத்தில். நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டம்! 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியது சி.எம்.சி. ஆச்சு. 1957-இல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் வந்தது. அதற்கு அடிக்கல் மாதிரி இருந்தவர் கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். அங்கே நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடத் தங்க வேண்டும். அதே 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மனநல ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்தார். பூட்டி வைத்துவிட்டு மறந்துபோகிற பைத்தியக்கார ஆஸ்பத்திரி முறைக்கு நேர் எதிரான திசை இது. குடும்பம் வார்டுக்குள் வந்துவிட்டால் குடும்பத்தோடு பேச ஆள் வேணும் இல்லையா? பாட்டியிடம் "சாப்டீங்களா" என்று கேட்டவரின் வேலை அங்கே பிறக்கிறது.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப குணசீலத்துல இருந்த 48 நாள் வேஸ்ட்டா மாமா?"

நான் சாமி கும்பிடாதவன். இருபது வருஷம் முன்னாடி என்றால் "வேஸ்ட்தான்" என்று சொல்லியிருப்பேன். 2001 ஆகஸ்ட் 6 யாருக்கும் மறக்காது. ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் விட்டுப்போன ஆட்கள். அந்தச் செய்தியைப் படித்த யாரும் நம்பிக்கை வைத்தியத்தைப் பற்றி மென்மையாகப் பேச மாட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே போயின? பக்கத்தில் மனநல மருத்துவர் கிடையாது. கோயிலும் தர்காவும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பாட்டிக்குக் குணசீலத்தில் கிடைத்தது, தன்னைப் போல இன்னும் நாற்பது அம்மாக்களோடு உட்கார்ந்து அழ ஓர் இடம். மருந்து அங்கே இல்லை. இரண்டையும் நான் அவளிடம் சொன்னேன்.

இனி விண்ணப்பத்துக்கு. பங்குத்தந்தை கடிதம் பற்றி வீட்டில் பெரிய பயம். கிறித்தவர் அல்லாதவருக்கு இடமே கிடையாது என்று பக்கத்து வட்டத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படி இல்லை. அரசமைப்பின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனத்தை நடத்தும் உரிமை தருகிறது. 1992-இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி தன் சமூகத்தாருக்கு 50 சதவீதம் வரை ஒதுக்கலாம் என்றது. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் அந்த விழுக்காட்டை இறுக்கிப் பிடிக்காமல் நியாயமான அளவு என்று தளர்த்தியது. மிச்ச இடங்கள் எல்லோருக்கும்தான். கடிதம் அந்த ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்கு.

இன்னொரு விஷயம், இது அவள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கே புதுசு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த உடனே 'சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்' ஆகிவிட முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாக வரையறுக்கிறது: சமூகப்பணியில் முதுகலை, அதன்மேல் இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில்., கண்காணிப்பில் மருத்துவப் பயிற்சியோடு. 2022-இல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. அப்புறம் மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தது. அதற்குப் பிறகு எந்தப் பெயரில் அந்தப் படிப்பு வரும் என்று பார்த்து முடிவெடுக்கணும். மச்சான் கணக்குப் போட்டார். "ஆக நாலு வருஷம். எச்.ஆர். எடுத்தா ரெண்டு வருஷத்துல சம்பளம்." ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கணக்கில் தப்பில்லை. பெரியப்பா மருந்துச் செலவும் அவர் சம்பளத்தில்தான் போகிறது.

அப்போது உள்ளே இருந்து பாட்டி சொன்னது: "அந்தப் பொண்ணும் நாலு வருசம் படிச்சுதான் எங்கிட்ட வந்து உட்காந்திருக்கும்."

அன்று ராத்திரி 300 சொல் எழுதினாள். 'அழைப்பு' என்ற சொல்லை விட்டுவிட்டாள். பாட்டி, குணசீலம், வேலூர் வார்டு, அந்தக் கேள்வி, அவ்வளவுதான். மான்ஷார்ட்டைச் சேர்க்கச் சொன்னேன், "அது உங்க பிளாக்குக்கு வச்சுக்கோங்க மாமா" என்றாள். பங்குத்தந்தை கடிதக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினாள். நேர்முகத் தேர்வில் வயதான ஒரு சிஸ்டர் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பாட்டி இப்போது எப்படி இருக்கிறார், பெரியப்பா மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டிருக்கிறார். இடம் கிடைத்தது. ஸ்பெஷலைசேஷன் இரண்டாம் வருஷம்தான் என்பதால் மச்சான் நம்பிக்கையை இன்னும் கைவிடவில்லை.

போன வாரம் களப்பணிக்குப் போன ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். "மாமா, வார்டுல ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறாங்க. என்ன பேசறதுன்னே தெரியல, சாப்டீங்களான்னு கேட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, மெஸ் பில் கட்டணும், அப்பாகிட்ட சொல்லாம ஒரு ஐந்நூறு ஜிபே பண்ணுங்க என்றாள்.