இரும்புக்கை, பறக்கும் தட்டு, தாயக்கட்டை

பல்ப் ஃபிக்‌ஷன் என்றவுடன் பலருக்கு டாரண்டினோ படம் ஞாபகம் வரும். இங்கே விஷயம் அது இல்லை. மரக்கூழிலிருந்து செய்த மட்டரகக் காகிதத்துக்கு அமெரிக்காவில் வைத்த பெயர்தான் பல்ப். நம்மூர்க் கணக்கில் சாணி பேப்பர். அந்தப் பேப்பரில் அச்சான கதைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1926 ஏப்ரலில் ஹியூகோ ஜெர்ன்ஸ்பேக் என்பவர் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். அறிவியல் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கில மாத இதழ் அது. 1928-ல் அதே இதழில் பக் ரோஜர்ஸ் கதை வந்தது. 1929 ஜனவரி 7-ல் அது தினசரிப் படக்கதையானது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1934 ஜனவரி 7-ல் ஃப்ளாஷ் கார்டன் வந்தார். (ஜோசியக்காரர்கள் கவனிக்க!)

இந்தக் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வெளிக்கிரகத்தில் ஒரு கொடுங்கோலன், ஒரு கதிர்த் துப்பாக்கி, கொதிக்கிற தொட்டிக்கு மேலே தொங்கும் கதாநாயகன், அதோடு 'தொடரும்'. 1936-ல் ஃப்ளாஷ் கார்டன் 13 பாகங்களாக சினிமாவுக்கு வந்தபோதும் ஒவ்வொரு வாரமும் இதே தொங்கல்தான். விஞ்ஞானம் சரியா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் எப்படித் தப்பிப்பான் என்பதுதான் கேள்வி.

இந்த வகைக் கதையை வாசிக்காமல், நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தாங்களே ஆடினால்? அதுதான் ரோல்பிளேயிங் கேம். ஒருவர் கேம் மாஸ்டர். உலகம், வில்லன், வழிப்போக்கன், மழை எல்லாமே அவர்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் ஜன்னல் வழியாகக் குதிக்கிறேன்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். முடிந்ததா, முட்டியில் அடிபட்டதா என்பதைப் பகடை சொல்லும். இதற்கு அச்சு வடிவம் கொடுத்தவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். 1974-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' முதல் பதிப்பு வெறும் ஆயிரம் பிரதிதான். மந்திரவாதி, ட்ராகன் என்று தொடங்கிய விளையாட்டு இரண்டே வருடத்தில் விண்கப்பல் ஏறிவிட்டது. 1976-ல் 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா', 1977-ல் 'ட்ராவலர்'.

ஆனால் இவையெல்லாம் கொஞ்சம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற விளையாட்டுகள். சிரிப்பு சேர்ந்தது 1984-ல். அந்த வருடம் வந்த 'பாரனோயா'வில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு நகல் உண்டு. ஒன்று செத்தால் அடுத்தது கதவைத் திறந்துகொண்டு வரும். அதே வருடம் வந்த 'டூன்' விளையாட்டில் யாருமே சாவதில்லை. அடிபட்டவர் விழுவார், மூன்று நிமிஷம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். 2006-ல் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் தி செஞ்சுரி'யில் ஓர் அருமையான ஏற்பாடு. பாத்திரம் உருவாக்கும்போதே அந்தப் பாத்திரம் கதாநாயகனாக வந்த ஒரு மலிவு நாவலின் தலைப்பை ஆட்டக்காரர் சொல்ல வேண்டும். மற்றவர்களின் நாவல்களில் கௌரவ வேடத்தில் தலைகாட்டவும் வேண்டும். மாத நாவல் படித்து வளர்ந்த தமிழனுக்கு இதைவிட எளிதான வேலை உண்டா?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த விளையாட்டுகளில் வரும் 'ரெட்ரோ' அமெரிக்காவின் ரெட்ரோ. பட்டாபிராமில் நாலு பேர் உட்கார்ந்து ஆடும்போது 1934-ன் நியூயார்க் எதற்கு? தமிழ்நாட்டுக்கென்று ஒரு பழைய எதிர்காலம் இருந்திருக்கிறது. அதைத் தேடினால் கிடைக்கிறது.

1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தது. தமிழில் 'காடு'. அழிந்துபோன மாமத் யானைகள் இந்தியக் காட்டில் திரிகின்றன என்பது கதை. சாதாரண யானைக்கு மயிர்ப் போர்வை போர்த்தினால் மாமத்! அது ஒரு முன்னோட்டம் மட்டுமே. மெயின் பிக்சர் 1963-ல் வந்தது.

ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' அந்த வருடம் ஏப்ரலில் திரைக்கு வந்தது. எம்.ஜி.ஆர், பானுமதி, நம்பியார். வேற்றுக்கிரகத்தார் விஞ்ஞானத்தில் எங்கேயோ போய்விட்டார்கள். ஆனால் பாட்டும் ஆட்டமும் தெரியாது. ஆகவே பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, நன்றாகப் பாடும் பெண் ஒருத்தியைத் தூக்கிப் போகிறார்கள். உலக சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்தது நிலத்துக்காக, தண்ணீருக்காக, ஆளைத் தின்பதற்காக. பாட்டு வாத்தியார் தேடி வந்தவர்கள் அபூர்வம்! கதாநாயகனோ விஞ்ஞானி இல்லை, விமானி இல்லை, ஒரு விவசாயி. அவரும் அந்தக் கிரகத்துக்குப் போய், அங்கே இறந்துபோன, அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் ஒரு கோமாளியின் இடத்தில் நுழைகிறார். இரட்டை வேடம் இல்லாமல் எம்.ஜி.ஆர் படமா என்று வானவியலே கேட்டிருக்கும்.

இதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் தேதியைப் பார்க்க வேண்டும். ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரலில். தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21-ல். அதுவும் அமெரிக்காவில் செய்த நைக்கி அபாச்சி. ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புகைப்படம் இன்றும் பிரபலம். அந்த சைக்கிளுக்கு ஏழு மாதம் முன்னாலேயே ஒரு தமிழ் விவசாயி வேறு கிரகத்தில் இறங்கிவிட்டார்.

அடுத்தது இரும்புக்கை. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'. ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கை இல்லை, அந்த இடத்தில் இரும்புக்கை. ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ஒரு விபத்தில் மின்சாரம் பாய்கிறது, ஆள் மறைந்துவிடுகிறான். இரும்புக்கை மட்டும் மறையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மறைவதற்கு அவன் ஷாக் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரத்தின் வேகம் தீர்ந்தால் உருவம் திரும்பிவிடும்.

ஒரு விளையாட்டுக்குத் தேவையான விதி மொத்தமும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. சக்தி உண்டு, அதற்கு ஒரு விலை உண்டு, அதில் ஓர் ஓட்டையும் உண்டு (கை தெரியும்). வெள்ளைக்காரன் கதையில் ஸ்விட்ச் போர்டில் விரலை வைத்தால் மின்சாரம் இருந்தே தீரும். 2008-லிருந்து சில வருடங்கள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டில் மாயாவி என்ன செய்திருப்பார் என்று யோசித்தால், அரை நாள் ஆட்டத்துக்குக் கதை தயார்.

இன்னொன்றும் உண்டு. மாயாவி முதலில் நல்லவன் இல்லை. சக்தி கிடைத்தவுடன் குற்றத்தில்தான் இறங்குகிறான். நிழல் படையின் உளவாளியானதெல்லாம் பிற்பாடு.

1972-ல் இந்தப் புத்தகம் மேற்கு சென்னைப் பக்கம் வந்தபோது அங்கே இரும்பு ஒன்றும் புதுமை இல்லை. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி. அம்பத்தூரில் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் விஜயந்தா டாங்கி. பட்டாபிராமில் ராணுவக் கிடங்கு, அதற்கென்றே மிலிட்டரி சைடிங் என்று தனிக் கிளைப் பாதை. பிரஸ் மிஷினில் விரல் போவது என்றால் என்ன என்று தெரிந்த தெருக்கள் இவை. கை போனவனுக்கு நஷ்ட ஈடும் கஷ்டமும்தான் மிச்சம் என்பதும் தெரியும். அங்கே, கை போனதால் ஒருவன் மாயாவி ஆனான் என்று ஒரு கதை வருகிறது. லண்டன் பையன் வாசித்ததும் அம்பத்தூர் பையன் வாசித்ததும் ஒரே படங்கள்தான், ஆனால் ஒரே கதையாக இருந்திருக்க முடியாது.

1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ஆசிரியர். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் தமிழ் பேசியது இங்கேதான். ஸ்பைடருக்குச் சில காலம் கதை எழுதியவர் ஜெரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆர்ச்சி அதைவிட வேடிக்கை. ஓயாமல் தற்பெருமை அடிக்கும் ரோபோ. அவனும் நண்பர்களும் ஏறிப்போகும் கால எந்திரத்தின் பெயர் 'கோட்டை'. சதுரங்கத்தில் வரும் யானைக்காய் வடிவம்! ஆர்ச்சி பிரிட்டனில் பிறந்தது 1952-ல். தமிழுக்கு வரும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆக, இங்கே வந்து சேரும்போதே அது பழைய எதிர்காலம்தான். ரெட்ரோ என்ற வார்த்தை தெரியாமலே ஒரு தலைமுறை ரெட்ரோ வாசித்தது.

சொந்தச் சரக்கு என்றால் சுஜாதா. 1986-ல் வந்த 'விக்ரம்' படத்தில் அக்னிபுத்ரா என்ற ஏவுகணை திருடுபோகிறது. கமல் அதைத் தேடி சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறார். அந்த நாட்டுக்கு ஒரு கற்பனை மொழி, அதற்கு மொழிபெயர்ப்பாளர் ஜனகராஜ். நிஜமான அக்னி ஏவுகணை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1989 மே மாதம்.

'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வந்ததும் எண்பதுகளில்தான். கதை நடப்பது 2021-ல். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். ஜீவா என்ற தலைவர் மேல் ஜனங்களுக்கு பக்தி. இவ்வளவு இறுக்கத்துக்கு நடுவில் ஜீனோ என்ற ரோபோ நாய், புத்தகம் படித்துக்கொண்டு, கிண்டல் அடித்துக்கொண்டு திரிகிறது. நாயை எடுத்துவிட்டால் கதையைப் படிக்கவே முடியாது, அவ்வளவு பயங்கரம். அந்த 2021 வந்து, போயும் விட்டது. ரோபோ நாய் வந்தது. எழுத்துக் கட்டுப்பாடு மட்டும் வரவில்லை!

இந்தச் சரக்கை வைத்து ஆட்டம் நடத்துவது கஷ்டமில்லை. பல பக்கப் பகடை கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் தாயக்கட்டை போதும். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும், பன்னிரண்டு விழுந்தால் நினைக்காததும் சேர்ந்து நடக்கும். தோல்வி என்றால் பாத்திரம் சாகக் கூடாது, நிலைமை இன்னும் கேவலமாக வேண்டும். இந்த ஒரு விதியை விட்டால் சிரிப்பு போய்விடும். புதிதாக நடத்துகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். தாங்களே ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கேம் மாஸ்டர் சிரிக்கவே கூடாது. பட்டாபிராம் சைடிங்கில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தட்டு இறங்குகிறது, உள்ளிருந்து வந்தவர் பணிவாக "இங்கே நாதஸ்வரம் சொல்லித் தருபவர் யாராவது உண்டா?" என்று கேட்கிறார் என்றால், அதை நம்பியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். நம்பியார் தன் வசனத்துக்குத் தானே சிரித்ததுண்டு, ஆனால் அது வில்லன் சிரிப்பு. 2024-ல் பட்டாபிராமில் திறந்த 21 மாடி டைடல் பூங்கா வேறு இருக்கிறது. 1963-ல் யாராவது வரைந்த வேற்றுக்கிரக அரண்மனை என்று சொன்னால் நம்பலாம். செட்டுக்குக் கூடச் செலவில்லை.

கஷ்டம் பேப்பரில் இருக்கிறது. சாணி பேப்பர் மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்து, எடைக்குப் போகும். மாயாவியை வரைந்த ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ, முதலில் எழுதிய கென்னத் பல்மர் என்ற பெயர்களை அந்தக் காலத்து வாசகன் அறிய வழியில்லை. அப்படிப்பட்ட பிரிட்டிஷ் வார இதழ்களில் பொதுவாகப் பெயர் போடும் வழக்கமே கிடையாது. எழுபதுகளின் முத்து காமிக்ஸ் முழு வரிசையாக வைத்திருப்பவர்கள் இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய சேகரிப்பாளர்கள்தான். இடையில் தொய்ந்துபோன லயன், முத்து இதழ்கள் 2012 முதல் மறுபடி சுறுசுறுப்பாகி, பழைய மாயாவி கதைகளும் மறுபதிப்பில் வந்தன. நல்ல தாளில், பளிச்சென்ற அச்சில்! பழைய வாசகர்கள் வாங்கினார்கள். புதுப் பையன்கள் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது வேறு கேள்வி.

பழைய இதழ்கள் கைமாறிய பெரிய இடம் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட். 1985 மே மாதம் அது எரிந்தது. பழைய புத்தகக் கடைகளும் சேர்ந்து போயின. அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று அதற்குப் பெயர். பட்டாபிராம் வண்டி கிளம்புவது அங்கிருந்துதான்.