கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிடைக் கிறிஸ்தவ ஒன்றியம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்திவரும் கிறிஸ்தவ அமைப்பு. 1877 மார்ச் 9 அன்று தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வளாகத்தில் இதைக் ‘கிக்யூ’ என்பார்கள். எந்தச் சபையைச் சேர்ந்த மாணவரும் இதில் சேரலாம். ஆனால் இது ஒரு சபை அல்ல. ஞாயிறு ஆராதனைக்கு உறுப்பினர்கள் ஊரிலுள்ள தத்தம் சபைகளுக்கே போகிறார்கள்.

தலைமைக் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. தலைவர் முதல் பொருளாளர் வரை எல்லாருமே இருபது வயதை ஒட்டியவர்கள். பட்டம் பெற்றதும் போய்விடுபவர்கள். ஆள் இப்படி மாறிக்கொண்டே இருந்தும் கொள்கை மாறாததற்குக் காரணம் விசுவாச அறிக்கைதான். பொறுப்புக்கு வருபவர்கள் அதை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அன்றாட வேலைகள் கல்லூரிக் குழுக்களில் நடக்கின்றன. கல்லூரிக்குக் கல்லூரி பிரதிநிதிகள் இருந்து வேதபாடத்தையும் ஜெபக்கூட்டத்தையும் கவனிக்கிறார்கள். ஒரு பருவம் எட்டு வாரமே என்பதால் எல்லாம் அவசர கதியில்தான் நடக்கும். ஆண்டுக்கொரு முறை நற்செய்தி வாரம் நடத்துவார்கள்; வெளியிலிருந்து பேச்சாளர் வருவார். பிரித்தானிய வளாகங்களில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத்தைப் பற்றி ஏதாவது ஒரு கேள்வியைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், ஒன்றியத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் சுடச்சுட சீஸ் சாண்ட்விச்சுடன் அறை வாசலில் வந்து நின்று பதில் சொல்வார். இரவு பத்து மணிப் பசியில் இறையியல் கேட்க ஆள் கிடைத்துவிடுகிறது.

இதன் வேர் சார்லஸ் சிமியோனிடம் (1759–1836) இருக்கிறது. கிங்ஸ் கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்த இவர் 1782 முதல் இறக்கும்வரை ஹோலி டிரினிட்டி ஆலயத்தின் குருவாகவும் இருந்தார். தொடக்கத்தில் அவரைப் பிடிக்காத சபையார் தங்கள் இருக்கைகளைப் பூட்டிவைத்தார்கள். வந்தவர்கள் நடைபாதையில் நின்று பிரசங்கம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் அறையில் தேநீரோடு கேள்வி பதில் நடக்கும். அவருடைய செல்வாக்கில் வளர்ந்து இந்தியாவுக்கு வந்த டேனியல் கோரி 1835-ல் சென்னையின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். சிமியோனுக்குப் பின் மாணவர்களே 1862-ல் தினசரி ஜெபக்கூட்டம் தொடங்கினார்கள். கல்லூரிகளில் தனித்தனியே இருந்த குழுக்களை 1877-ல் ஒன்றியம் இணைத்தது.

ஒன்றியத்தின் பெயர் வெளியே தெரிந்தது 1882 நவம்பரில். தலைவர் ஜே. இ. கே. ஸ்டட் அமெரிக்கச் சுவிசேஷகர் டி. எல். மூடியை அழைத்திருந்தார். தானியச் சந்தைக் கட்டடத்தில் நடந்த முதல் கூட்டத்துக்குச் சுமார் 1,700 மாணவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் கேலி செய்ய. மூடியின் கொச்சை ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்கள்; மூடியுடன் வந்த பாடகர் சங்கி பாடி முடித்ததும் கச்சேரிபோல ‘இன்னொரு முறை’ என்று கத்தினார்கள். சிரித்தவர்களில் ஒருவரான ஜெரால்டு லாண்டர் மறுநாள் மூடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பின்னாளில் அவர் ஹாங்காங்கில் பேராயரானார்.

1885 பிப்ரவரியில் மிஷனரிகளாகச் சீனாவுக்குக் கப்பலேறிய ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ இந்தச் சூழலில் உருவானவர்கள். பெயர் அப்படியே தவிர எழுவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள் அல்லர், டி. இ. ஹோஸ்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து வந்தவர். அவர்களில் புகழ்பெற்றவர் ஸ்டட்டின் தம்பி சி. டி. ஸ்டட். ஆஷஸ் என்ற கிரிக்கெட் தொடரின் பெயருக்கே காரணமான 1882 ஓவல் டெஸ்டில், 7 ரன்னில் இங்கிலாந்து தோற்றபோது, ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மறுமுனையில் நின்றவர் அவர்தான். 1900 முதல் 1906 வரை ஊட்டியில் யூனியன் சர்ச் போதகராக இருந்துவிட்டுப் பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

ஒன்றியத்தின் வரலாற்றில் மிகக் கனமான முடிவு 1910-ல் எடுக்கப்பட்டது. அப்போது மாணவர் கிறிஸ்தவ இயக்கம் என்ற பெரிய அமைப்போடு அது இணைந்திருந்தது. வேதாகம விமரிசன ஆய்வுக்கும் தாராளவாத இறையியலுக்கும் அந்த இயக்கம் இடம் கொடுத்ததை ஒன்றியத்தார் ஏற்கவில்லை, வெளியேறிவிட்டார்கள். வெளியே வந்தபின் சிறுபான்மையாகிப் போனார்கள். முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் மீண்டும் இணைவது பற்றிப் பேச்சு நடந்தது. கிறிஸ்துவின் இரத்தத்தால் வந்த பாவநிவாரணம் உங்கள் செய்தியின் மையமா என்று ஒன்றியத்தின் சார்பில் நார்மன் கிரப் முதலியோர் கேட்டார்கள். ஏற்கிறோம், ஆனால் மையம் என்று கட்டாயமில்லை என்ற தோரணையில் பதில் வந்தது. பேச்சு அத்தோடு முறிந்தது. கிரப் வேறு யாருமல்ல, சி. டி. ஸ்டட்டின் மருமகன். அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றியத்தார் பல பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து 1928-ல் பல்கலைக்கழகங்களிடை ஐக்கியம் அமைந்தது. 1947-ல் உலக அளவிலான கூட்டமைப்பு வந்தது. 1954-ல் தொடங்கிய இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியமும் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘இ.யூ.’ என்று அறியப்படும் குழுக்கள் இந்த ஐக்கியத்தைச் சேர்ந்தவை.

பிரிந்து நின்றது தவறா சரியா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. குறுகிய பார்வை, மற்றக் கிறிஸ்தவர்களோடு ஒத்துழைக்காத பிடிவாதம் என்ற குறை பழையது. 1955-ல் ஒன்றியம் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமை அழைத்தபோது லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் அடிப்படைவாதம் பற்றிக் கடிதப் போரே மூண்டது. கூட்டம் நடந்த நாட்களிலோ பல்கலைக்கழக ஆலயமான கிரேட் செயின்ட் மேரீஸ் நிரம்பி வழிந்தது.