புலிமியாவில் புலி இல்லை

ஆசிரியர் அறையில் ஒருநாள் ஒரு மாணவியைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்தப் பாடசாலை, எந்த ஆண்டு என்பது வேண்டாம். இடைவேளையில் நிறையச் சாப்பிடுவாள், பிறகு கழிப்பறைப் பக்கம் போய்விடுவாள். "அதுக்குப் பேர் புலிமியாவாம்" என்றார் ஒருவர். "அப்ப புலிப் பசிதான்" என்றார் இன்னொருவர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வரவு இடாப்பு எடுக்க வந்த அந்தப் பிள்ளை வாசலில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தோம்.

அந்தச் சொல்லில் புலி இல்லை, மாடுதான் இருக்கிறது. கிரேக்கத்தில் 'பூஸ்' மாடு, 'லிமோஸ்' பசி. கி.மு. 400 அளவில் ஆர்மீனியப் பனியில் நடந்த படைவீரர்கள் பசியால் மயங்கி விழுந்ததை செனபோன் இந்தச் சொல்லால்தான் குறித்தார். உணவு கொடுத்ததும் எழுந்து நடந்தார்களாம். இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் இதையே அரபியில் 'மாட்டுப்பசி' என்றார். சூறா பகரா ஓதிய பிள்ளைக்கு அந்த 'பகரீ' உடனே விளங்கும்.

தமிழில் மாடு யானையாகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகைக்கு 'யானைத்தீ' என்ற நோய். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி, பன்னிரண்டு ஆண்டுகள். அதைத் தணித்தது மணிபல்லவத்தில் கிடைத்த அமுதசுரபியின் சோறு. மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று கொள்பவர்கள் பலர்.

அப்படியானால் புலிமியாவுக்கு 'யானைத்தீ' என்று பெயர் வைக்கலாமே என்று எங்களுக்கும் ஆசை வந்தது. மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் அல்லவா இது! ஆனால் அவர் 1873இல் ஊர் திரும்பிவிட்டார். இன்று நாம் சொல்லும் நோய்க்குப் பெயர் வந்தது 1979இல். லண்டனில் ஜெரால்ட் ரசல் என்ற மனநல வைத்தியர் 30 நோயாளிகளை ஆராய்ந்து 'புலிமியா நெர்வோசா' என்றார்.

அது வேறு நோய். கட்டுப்பாடிழந்து நிறையச் சாப்பிடுவது அதில் பாதிதான். மற்றப் பாதி, உடம்பு பருத்துவிடுமோ என்ற பயம்: வாந்தி எடுப்பது, பேதி மருந்து குடிப்பது, பட்டினி கிடப்பது. தோற்றத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வாந்தியால் பல் அரிக்கும், பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பலாம். 'பெருந்தீனி நோய்' என்று மொழிபெயர்த்தால் பயம் மறைந்து தீனி மட்டும் நிற்கும். அமுதசுரபியே வந்தாலும் இந்த நோய் சோற்றால் தீராது. "சாப்பிடு பிள்ளை, சாப்பிடு" என்று தட்டை நிரப்புவதும் உதவாது. நோன்பு காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இவர்களுக்கும் உண்டு, ஆனால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு நோன்புக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

காயசண்டிகை கதையில் ஒன்றுமட்டும் எங்களைச் சுட்டது. முனிவருடைய நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்கான சாபம் அவளுடைய நோய். குற்றம் செய்தவளுக்குத் தண்டனை. ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்ததும் அப்படி நினைத்துத்தானே?

அந்தப் பிள்ளை இப்போது தாயோடு கிளினிக் போகிறாள். வராத நாட்களில் யாராவது காரணம் கேட்டால் "சுகமில்லை" என்று மட்டும் சொல்கிறோம்.