கசீக்கேவும் நாயக்கும்: ஒரு பட்டம் படியிறங்கிய கதை

1492-ல கொலம்பஸ் கரீபியன் தீவுகள்ல இறங்கினப்போ, அங்க வாழ்ந்த தைனோ மக்களோட தலைவர்களுக்குப் பேரு 'கசீக்கே'. ஸ்பானியர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கிட்டு, மெக்சிகோ, பெருன்னு போன இடத்துல எல்லாம் உள்ளூர்த் தலைவர்களுக்கு ஒட்டினாங்க. ஆண்ட தலைவர், ஸ்பெயின் அரசருக்கு வரி வசூலிச்சுத் தர்றவரா ஆனார். பின்னாடி ஸ்பெயின்லயே அந்தச் சொல்லுக்கு, ஊர் ஓட்டுகளைக் கையில வச்சிருக்கிற அரசியல் தாதான்னு அர்த்தம் வந்துடுச்சு.

நம்ம கடலூர், சிதம்பரம் பக்கமும் ஒரு சொல் இப்படிப் படியிறங்கியிருக்கு: நாயக்கர்.

'நாயக' சமஸ்கிருதச் சொல். முன்னின்று நடத்துறவர்னு அர்த்தம். விஜயநகர ஆட்சியில அது பெரிய பட்டம். எவ்வளவு பெரிசுன்னா, 1597-ல பிமெண்டாங்கிற இயேசு சபைப் பாதிரியார் சிதம்பரம் வந்தப்போ, செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் அங்க கோவிந்தராஜப் பெருமாள் சன்னதித் திருப்பணியை நடத்திக்கிட்டு இருந்தார். தீட்சிதர்கள் எதிர்த்தாங்க. சிலர் கோபுரத்துல இருந்து குதிச்சு உயிரையே விட்டாங்கன்னு பிமெண்டா எழுதியிருக்கார். வேலை நிக்கல.

1690-ல கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்கள்கிட்ட விலைக்கு வாங்குச்சு. 1748-ல கம்பெனிப் படைக்குத் தலைமை ஏற்க ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கினதும் இங்கதான். அந்தக் கம்பெனியோட சிப்பாய்ப் படையில 'நாயக்'னா வெறும் கார்ப்பரல். இன்னைக்கும் நம்ம ராணுவத்துல கையில ரெண்டு பட்டை, ஹவில்தாருக்கு ஒரு படி கீழ.

ரெண்டு கதையிலயும் சொல் அழியல. அதுக்கு மேல வேற ஒருத்தர் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். சினிமா போஸ்டர்ல மட்டும் நாயகன் இன்னும் உச்சியில நிக்கிறார்!