ஆபீஸ் ஃபிட்னெஸ் திட்டம்: உடம்பு நிஜமாவே தேறுதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

'இந்த மாசம் தினமும் 10 ஆயிரம் ஸ்டெப்ஸ் நடந்தா கிஃப்ட் வவுச்சர்!' ஹெச்.ஆர். அனுப்பும் இப்படி ஒரு மெசேஜ் உங்க போனுக்கும் வந்திருக்கலாம். ஜிம் கட்டணச் சலுகை, யோகா வகுப்பு, இலவச சுகர் டெஸ்ட் என நிறுவனங்கள் ஊழியர் நலத் திட்டங்களை அறிவிக்கின்றன. இதனால் பலன் உண்டா? பார்க்கலாம்.

நிறுவனங்கள் ஏன் செய்கின்றன?

இந்தத் திட்டங்கள் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே கோடிக்கணக்கானோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை மூலமாகத்தான் கிடைக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை நிறுவனமே கட்டுகிறது. ஊழியர் ஆரோக்கியமா இருந்தா மருத்துவச் செலவும் லீவும் குறையும் என்பதுதான் கணக்கு.

கணக்கு பலித்ததா?

'பி.ஜே'ஸ் ஹோல்சேல் கிளப்' என்ற அமெரிக்க சில்லறை விற்பனை நிறுவனத்தில் இதைச் சோதித்தார்கள். 160 கிளைகள், சுமார் 33 ஆயிரம் ஊழியர்கள். குலுக்கல் முறையில் தேர்வான 20 கிளைகளில் மட்டும் திட்டம் நடந்தது. 18 மாதங்களுக்குப் பிறகான முடிவு 2019-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது.

திட்டம் நடந்த கிளைகளில், 'தவறாம உடற்பயிற்சி செய்றேன்' என்று சொன்னவர்கள் 8.3 சதவீதப் புள்ளிகள் அதிகம். ஆனால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மருத்துவச் செலவு, லீவு எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அப்போ விளம்பரங்களில் வரும் 'வெற்றிக் கதைகள்'? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சுமார் 5 ஆயிரம் ஊழியர்களிடம் நடந்த ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. திட்டத்தில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள், சேரும் முன்பே மற்றவர்களைவிட மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். அந்த வித்தியாசத்தைத் திட்டத்தின் சாதனையாகக் காட்டுவது எளிது.

கட்டாயமானால் என்ன ஆகும்?

மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்களை ஒரு ஃபிட்னெஸ் ஆப்பில் சேரச் சொன்னார்கள். பாயின்ட் எடுக்காவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது திட்டம். 'நான் எத்தனை அடி நடக்கிறேன்னு இவங்களுக்கு எதுக்கு?' என்று கோபம் கிளம்பியது. எதிர்ப்பு வலுக்கவே திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் சம்பளம், காப்பீட்டுச் செலவோடு அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, 2018 பிப்ரவரியில் 55 மாவட்டங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கு ஸ்டெப் சேலஞ்ச் தேவையில்லை, உட்கார ஒரு ஸ்டூல்தான் தேவை. நின்று வேலை செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது 2021-ல் வந்த சட்டத் திருத்தத்தில்தான். கேரளா இதை 2018-லேயே கொண்டுவந்தது.

இன்னொன்று, தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்'. வேலை செய்யும் இடத்துக்கே வந்து சுகர், பிபி பரிசோதனை செய்கிறார்கள். இரண்டும் வெளியே தெரியாமலேயே உள்ளே வளரும் நோய்கள் என்பதால், லீவு போட்டு ஆஸ்பத்திரி போக முடியாதவர்களுக்கு இது உதவும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* டெஸ்ட் ரிப்போர்ட் யார் கைக்குப் போகும்? மேனேஜர் பார்ப்பாரா?
* சேராவிட்டால் அபராதமோ, மதிப்பீட்டில் பாதிப்போ உண்டா?
* யோகா, நடைப்பயிற்சி வேலை நேரத்திலா, வேலை முடிந்த பிறகா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, அதன் பிறகு நடக்கச் சொன்னால் யாருக்குத்தான் கால் வரும்? நேரத்துக்குச் சாப்பாடு, நடுவில் இடைவேளை, உட்கார இடம் இவை இருக்கிற இடத்தில் ஃபிட்னெஸ் திட்டம் கூடுதல் நன்மை. இல்லாத இடத்தில் அது வெறும் போஸ்டர்தான்.