மைக்குக்கு முந்திய பிடில்

மைசூர் சௌடையாவின் ஏழு தந்திப் பிடிலை ஒரு விநோதமாகச் சொல்லிவிட்டுப் போவதே வழக்கமாகிவிட்டது. அது அவருக்குச் செய்யும் அநியாயம். கடைசி வரிசை ரசிகருக்காக ஒரு பக்கவாத்தியக்காரர் யோசித்துக் கண்ட வழி அது. 1895இல் திருமகூடலில் பிறந்து, பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பயின்ற சௌடையா மேடையேறிய காலத்தில், கச்சேரி பெரிய மனிதர் வீட்டுக் கூடத்திலிருந்து சபாக் கொட்டகைக்கும் திருவிழாப் பந்தலுக்கும் வந்துவிட்டது. மைக் இன்னும் வரவில்லை. பாடகர் செம்பையின் வெண்கலக் குரல் பந்தல் முழுக்கக் கேட்கும். மிருதங்கமும் கேட்கும். பிடில்? பாடகர் பிடித்த பிடியை இம்மி பின்னால் தொட்டு வாங்கி, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ராகம் அறுந்துவிடாமல் தாங்குவது அதன் வேலை. அந்த நாதம் முன்வரிசைகளோடு நின்றுபோனால் பின்னால் இருந்தவர்கள் கேட்டது பாதிக் கச்சேரிதான். 1920களின் பிற்பகுதியில் சௌடையா பிடிலின் நாலு தந்திகளில் மூன்றுக்குத் துணைத் தந்தி கட்டினார். வில் ஒரே இழுப்பில் ஜோடியைத் தொடும். விரலும் ஜோடியைச் சேர்த்தே அழுத்தியாக வேண்டும். கமகம் அசையும்போது இரண்டில் ஒன்று நூலிழை விலகினாலும் அபஸ்வரம். வெறும் சத்தத்துக்கு ஆசைப்பட்டவர் இத்தனை சிரமத்தை மேலே போட்டுக்கொள்ளமாட்டார்.

நாதத்தின் தூய்மை போயிற்று என்பார்கள். துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் நாலு தந்தியில் இருந்த குழைவு இதில் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துவாரம் பிடிலைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்தியவர். பக்கவாத்தியத்தை அந்த அளவுகோலால் அளப்பது சரியில்லை. பாடகரை அமுக்கிவிடும் என்ற குற்றச்சாட்டும் நிற்காது: தம்மை அமுக்குகிற பிடிலைச் செம்பை போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்களா? சங்கீத உலகமும் சௌடையாவை ஒதுக்கவில்லை: 1957இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

மைக் பரவியதும் தேவை தீர்ந்ததே என்பதுதான் வலுவான ஆட்சேபம். உண்மைதான்; பெரும்பாலோர் நாலு தந்தியோடு நின்றதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆனால் தேவை மறைந்ததால் கருவியும் ஒதுங்கியது என்றால், அது தேவைக்காகவே பிறந்தது என்றுதானே ஆகிறது? சௌடையாவோ அதை விடவில்லை. அதற்குள் அவருடைய வில்லின் கனமும் விரலின் அழுத்தமும் ஜோடித் தந்தியிலேயே ஊறிவிட்டன என்று நினைக்கிறேன். 1967இல் அவர் மறைந்த பிறகும் ஆர்.ஆர்.கேசவமூர்த்தி போன்ற கன்னட நாட்டு வித்வான்கள் ஏழு தந்தியிலேயே வாசித்து வந்தார்கள்.