வத்தலக்குண்டுக்காரங்க மூணு பேரும் ஒரு கேள்வியும்

1/ நேத்து டியூட்டி முடியுற நேரத்துல ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டார்: "சார், டாக்டர் வேலை ஒரு அழைப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு எந்தக் குரலும் கேட்கல. தப்பான இடத்துக்கு வந்துட்டேனா?" உடனே பதில் வரல. யோசிச்சப்ப வத்தலக்குண்டு ஞாபகம் வந்தது. கொஞ்சம் நீளமான இழை.

2/ துறவிக்கு மட்டும்தான் கடவுளின் அழைப்பு உண்டு என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் அதை மாற்றினார்: எந்த நேர்மையான வேலையும் அழைப்புதான். நமக்கோ தொழில், உத்தியோகம், தொண்டு மூணும் வேற வேற.

3/ கொடைக்கானல் போறவங்க டீ குடிக்க இறங்குற ஊர் வத்தலக்குண்டு. அங்க 1872-ல் பிறந்தவர் பி.ஆர்.ராஜம் ஐயர். பி.ஏ. முடித்து சட்டம் படித்தார். வக்கீல் ஆகவில்லை.

4/ 21 வயசுல 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடர்கதை எழுத ஆரம்பித்தார். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று. 1896-ல் சென்னையில் விவேகானந்தர் ஊக்கத்தில் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' ஆங்கில இதழுக்கு ஆசிரியர். 1898-ல் இறந்தபோது வயது 26.

5/ அடுத்தவர் சுப்பிரமணிய சிவா. பிறப்பு 1884, அதே ஊர். சிவகாசி போலீஸ் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, நிலைக்கவில்லை. யோசிச்சுப் பாருங்க, பின்னாளில் போலீஸ் தேடிய மனுஷன்!

6/ 1908-ல் வ.உ.சி.யோடு கைது. 1912-ல் வெளியே வரும்போது தொழுநோய். சிறையில் தொற்றியது என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். மருத்துவரா ஒரு குறிப்பு: கிருமி நுழைந்து அறிகுறி தெரிய சராசரியா 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். நோய் சிறையில் வெளிப்பட்டது என்பதுதான் சரி.

7/ அன்னைக்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். டாப்சோன் வந்ததே 1940-களில். இப்போ கூட்டு மருந்து, 6 அல்லது 12 மாசம், இலவசம், குணமாகிடும். சிவாவுக்கு அது கிடைக்கல.

8/ நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றது அரசு. மாட்டுவண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நடுவில் 'ஞானபாநு' இதழும் நடத்தினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். வயது 40.

9/ மூணாவது, அந்த ஊரில் வளர்ந்த சி.சு.செல்லப்பா. 1959-ல் 'எழுத்து' இதழ் தொடங்கினார். தமிழ்ப் புதுக்கவிதை வேர்பிடித்த இடம் அது. புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1970-ல் இதழ் நின்றது. 1998-ல் மறைந்தார். சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001-ல்.

10/ இப்போ தம்பியோட கேள்விக்கு வரேன். ஒருத்தர் சட்டம் படிக்கப் போனார், ஒருத்தர் குமாஸ்தா வேலைக்குப் போனார். வேற பாதையில போய்த் திரும்பினவங்க. அழைப்பு என்பது முதல் நாளே காதில் விழும் குரல் இல்லை. எதை விட்டாலும் திரும்பத் திரும்ப எதுகிட்ட வந்து நிக்கிறோமோ, அது. பின்னாடி திரும்பிப் பார்த்தாதான் தெரியும்.

11/ இன்னொன்னும் சொல்லணும். "உன் வேலை தெய்வீகமானது, அதனால சம்பளம் கேட்காதே, 36 மணி நேரம் தூங்காதே" என்று மேலே இருக்கிறவங்க சொன்னா, அது அழைப்பு இல்லை, சுரண்டல். இந்த மூணு பேரும் கொடுத்த விலை அவங்களே ஏத்துக்கிட்டது. அடுத்தவன் தலையில அதைக் கட்ட நமக்கு உரிமை இல்லை.

12/ தம்பிகிட்ட இன்னைக்கு இவ்வளவுதான் சொன்னேன்: "குரல் கேட்கலைன்னா பரவாயில்லப்பா. மூணாம் பெட் அம்மா கூப்பிடுறாங்க, அது கேட்குதா?" சிரிச்சுக்கிட்டே எழுந்து போனார்.